உரிமையா? அந்த முயலைக் கேளுங்கள்!

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், அது பண்புக்காக.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இடைக்கால பிரான்சில் அரசனின் அதிகாரம் வளர வளரப் பிரபுக்கள் எதிர்த்து நின்றார்களே, அது உரிமைக்காகவா, சுயநலத்துக்காகவா? சுயநலத்துக்காகத்தான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய நண்பர், அந்தந்தப் பகுதிப் பிரபுக்களுக்கு அரசன் எழுதிக் கொடுத்த 1315-ஆம் ஆண்டுச் சாசனங்களை அடுக்கினார். நார்மண்டிக்கு ஒரு சாசனம், பர்கண்டிக்கு ஒரு சாசனம், அடடா உரிமைப் போர் என்றார். சரி, வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு முயல் கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

வட பிரான்சில் கூசி என்று ஓர் ஊர். அதற்குப் பிரபு நான்காம் ஆங்கரான். இவருடைய அப்பா கட்டிய கோட்டைக் கோபுரம் ஐம்பது மீட்டருக்கு மேல் உயரம். பாரிஸில் அரசன் வைத்திருந்த லூவ்ர் கோபுரமே அதைவிடக் குட்டை. அரசனைவிட உயரமாக வீடு கட்டிக்கொண்டவர் அரசனை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே புனித நிக்கலாஸ் மடம். இன்றைய பெல்ஜியம் பக்கத்துப் பிளாண்டர்சிலிருந்து மூன்று பையன்கள் அங்கே வந்து தங்கியிருந்தார்கள். எதற்கு? பிரெஞ்சு படிக்க. பெரிய வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் பிள்ளைகள். 1259 வாக்கில் ஒரு நாள் வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு முயல் பிடிக்கக் கிளம்பினார்கள். வேட்டைநாய்கூடக் கிடையாது. முயல் ஓடியது, பையன்கள் துரத்தினார்கள். அது மடத்துக் காட்டைத் தாண்டிக் கூசிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. முயலுக்கு எல்லைக்கல் தெரியுமா? பையன்களுக்குத்தான் தெரியுமா? காவலர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆங்கரான் என்ன செய்தார்? விசாரித்தாரா? இல்லை. மடத்துக்கு ஆள் அனுப்பினாரா? இல்லை. மூன்று பேரையும் தூக்கில் போட்டார்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். கதையின் ருசியே இனிமேல்தான்.

மடத்தலைவர் அரசரிடம் முறையிட்டார். அரசர் ஒன்பதாம் லூயி. பிற்காலத்தில் புனிதர் பட்டம் பெற்றாரே, அவரேதான். இவர் ஆங்கரானுக்கு மரியாதையாக ஓலை அனுப்பி அழைக்கவில்லை. சாதாரணச் சேவகர்களை விட்டுப் பிடித்துவரச் சொல்லி லூவ்ரில் அடைத்தார். அவ்வளவுதான், நாடே அதிர்ந்துவிட்டது, மூன்று பையன்கள் செத்ததற்காக இல்லை, ஒரு பிரபுவைச் சேவகன் தொட்டுவிட்டானே என்று! விசாரணை நாளில் பெரிய பெரிய பிரபுக்களெல்லாம் திரண்டு வந்தார்கள். உறவினரோடு ஆலோசிக்க வேண்டும் என்றார் ஆங்கரான். உறவினர் எழுந்திருங்கள் என்றதும் கிட்டத்தட்ட சபையே எழுந்து அவர் பின்னால் போய்விட்டது. அரசரைச் சுற்றி அவருடைய ஆலோசகர்கள் சிலர்தான் மிச்சம். அத்தனை பேரும் சொந்தக்காரர்களாம்!

திரும்பி வந்து ஆங்கரான் என்ன கேட்டார் தெரியுமா? என்னைப் போன்றவனைச் சாட்சி வைத்து விசாரிக்கக் கூடாது, வாட்போர் நடக்கட்டும், ஜெயித்தவன் சொல்வது நியாயம். யாரோடு போர்? செத்துப்போன பையன்களோடா? இல்லை, மடத்தலைவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளோடு வர வேண்டுமா? இதுதான் நண்பர் சொன்ன உரிமை! ஏழைகள், தேவாலயங்கள், இரக்கத்துக்குரியவர்கள் இவர்கள் விஷயத்தில் அந்த வழக்கம் செல்லாது என்று லூயி சொல்லிவிட்டார். கடைசியில் பிரபுக்கள் கெஞ்சிக் கூத்தாடியதால் ஆங்கரான் தலை தப்பியது. ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பணத்தில் பத்தாயிரம் லிவ்ருக்குக் குறையாத அபராதம், பையன்களின் ஆன்மாவுக்காகப் பூசை செய்யத் தேவாலயங்கள், அந்தக் காட்டின் மேல் இருந்த தண்டனை அதிகாரமும் பறிபோனது. இதைப் பார்த்து வயிறெரிந்த ழான் தெ தொரோத் என்ற பிரபு, அரசர் எங்களையெல்லாம் மொத்தமாகத் தூக்கில் போட்டுவிடலாமே என்று குத்தலாகச் சொன்னார். லூயி அவரைக் கூப்பிட்டே பதில் சொன்னார்: தூக்கில் போட மாட்டேன், தப்புச் செய்தால் திருத்துவேன்.

இப்போது சாசனத்துக்கு வருகிறேன். நார்மண்டிச் சாசனம் வரிக்குக் கட்டுப்பாடு வைத்தது. ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொண்ட வேகத்தில் தாண்டியும் போகிறேன். பர்கண்டிப் பிரபுக்கள் கேட்டு வாங்கியதில் முக்கியமானது ஒருவரோடொருவர் சொந்தமாகப் போர் நடத்திக்கொள்ளும் உரிமை. மிதிபட்டது யாருடைய வயல்? 1465-இல் பொதுநலக் கூட்டணி என்று பெயர் வைத்துப் பதினோராம் லூயியோடு மோதினார்கள். சமாதானம் ஆனபோது அரசனின் தம்பிக்கு நார்மண்டி கிடைத்தது, பர்கண்டிப் பிரபுவின் வாரிசுக்கு சோம் ஆற்றங்கரை நகரங்கள். பொதுமக்களுக்கு என்ன? 36 பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு போட்டால் என்ன ஆகும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நண்பர் போகிற போக்கில் என்னை ஒரு போடு போட்டார். "இவர் வீட்டில் மனைவி ஆட்சி, அதனால்தான் மேடையில் அரசாட்சிக்குக் கொடி பிடிக்கிறார்" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. பார்த்தேன், நாலாவது வரிசையில் என் மனைவியும் தட்டினார்.

ஆனால் நண்பரே, நீங்கள் பிரபுக்களின் வக்கீலாக வந்து அவர்கள் வாயாலேயே பேசிவிட்டீர்கள்! 1226-இல் எட்டாம் லூயி திடீரென்று இறந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த முயல் வழக்கில் தீர்ப்புச் சொன்னாரே, அதே லூயிதான். ஆட்சியைக் கையில் எடுத்தவர் அம்மா பிளான்ஷ், ஸ்பெயின் பக்கத்துக் காஸ்டீல் நாட்டுப் பெண். உடனே பிரபுக்கள் என்ன சொன்னார்கள்? பெண் ஆள்வதா, அதுவும் அந்நியப் பெண்ணா! அவருடைய நடத்தையைப் பற்றிக்கூடக் கதை கட்டினார்கள். அந்நியப் பெண் ஆகாது என்ற கூட்டத்தில் முக்கியமானவர், பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கிற பிரித்தானிப் பகுதியின் பிரபு பியர் மோக்ளெர். மூன்றே வருஷத்தில் அவர் போய் மண்டியிட்டது யாரிடம்? இங்கிலாந்து அரசனிடம்! 1230-இல் அந்த அரசன் படையோடு பிரித்தானியில் வந்து இறங்கினான். அந்நிய மருமகள் ஆகாதாம், அந்நியப் படை ஆகுமாம்.

ஐயா, அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். கணவரைப் புதைத்த துக்கம் ஆறவில்லை. சுற்றிலும் சின்னச் சின்னப் பிள்ளைகள். மூத்தவனைக் கைப்பற்றப் பிரபுக்கள் கொர்பெய் ஊரில் கூடிவிட்டார்கள். அம்மாவும் பிள்ளையும் மோன்லெரிக் கோட்டைக்குள். பாரிஸ் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் போக வழியில்லை. அப்போது யார் வந்தார்கள்? பாரிஸ் ஜனங்கள் வந்தார்கள். ஆயுதம் இருந்தவன் ஆயுதத்தோடு, இல்லாதவன் வெறுங்கையோடு. மோன்லெரியிலிருந்து பாரிஸ் வரைக்கும் வழியெல்லாம் கூட்டம், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் வாழ வேண்டும் என்று கடவுளைக் கூவி வேண்டியபடி. இதைப் பெரியவரான பிறகும் மறக்காமல் தம் நண்பரிடம் சொன்னார் லூயி. அந்த வழியில் நின்றவர்களுக்கு யாராவது சாசனம் எழுதிக் கொடுத்தார்களா? ஒரு தாயையும் பிள்ளையையும் பார்த்தார்கள், வந்து நின்றார்கள். என் அம்மாவாக இருந்தால், உங்கள் அம்மாவாக இருந்தால் நாம் வீட்டில் உட்கார்ந்திருப்போமா?

தீர்ப்பை நடுவர் நிதானமாகச் சொல்லட்டும். இப்போது அந்த அம்மா பிளான்ஷுக்காக ஒரு தடவை கைதட்டுங்கள், நாலாவது வரிசையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.