நட்சத்திர வீரர் ஒப்பந்தத்தை நீட்டிப்பாரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய சந்தேகங்களில் முதலாவதாக எடுத்துக்கொள்வது கால்பந்து ரசிகர் ஒருவர் அனுப்பியுள்ள கேள்வி. அவர் இப்படி எழுதியிருக்கிறார்: "எங்கள் கிளப்பின் முக்கியமான முன்கள வீரருக்கு வரும் ஜூன் மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஒரு நாள் கையெழுத்து உறுதி என்கிறார்கள். மறுநாள் போய்விடுவார் என்கிறார்கள். கோல் அடித்ததும் ஜெர்சியில் உள்ள சின்னத்தை முத்தமிட்டார், இனி எங்கும் போகமாட்டார் என்று மகிழ்ந்தோம். அடுத்த வாரமே வேறொரு கிளப்பின் வீரர் வெளியிட்ட படத்துக்கு லைக் கொடுத்தார், மனம் உடைந்து போனோம். எதைத்தான் நம்புவது? அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? எங்களை ஏமாற்றுகிறாரா?"

கடைசி வரியில் இருக்கும் வருத்தம் புரிகிறது, அதற்கும் வருகிறேன். எதை நம்புவது என்பதற்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முத்தத்தையும் லைக்கையும் வைத்து எதையும் கணிக்க முடியாது. ஒப்பந்தம் முடியும் தேதி, வீரரின் வயது, அவர் எதிர்பார்க்கும் ஆண்டுகளுக்கும் கிளப் தர முன்வரும் ஆண்டுகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவைதான் பேச்சுவார்த்தையை நகர்த்துகின்றன. அவற்றிலும் தேதிக்குத்தான் முதலிடம். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் மீதமிருக்கும்போது கிளப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஒரே ஆண்டு மீதமிருக்கும்போது வீரரின் கை ஓங்குகிறது. கடைசி ஆறு மாதங்கள் வந்துவிட்டால் கிளப்பிடம் அன்பையும் சம்பளத்தையும் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

இதற்குக் காரணம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மான் என்ற வீரருக்கு 1990ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனாலும் பிரான்சில் உள்ள டன்கெர்க் கிளப்புக்கு அவரால் போக முடியவில்லை, ஏனென்றால் ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம் என்பதே அன்றைய நடைமுறை. அவர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு வீரர் ஒப்பந்தம் முடிந்தபின் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக் கிளப்புக்குப் போவதானால், பழைய கிளப் பணம் கேட்கக் கூடாது என்று அது சொன்னது. இன்றைய ஃபிஃபா விதிகளின்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஒரு வீரர் வேறு கிளப்போடு அடுத்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளலாம். ஒரே நாட்டுக்குள் இருக்கும் கிளப்புகளுக்கிடையே லீக் விதிகள் வேறுபடலாம். இங்கிலாந்தில் அப்படித்தான் இருக்கிறது. ஜூன் 30 அன்று ஒப்பந்தம் முடிகிற ஒருவருக்கு ஜனவரி முதல் தேதி என்பது எவ்வளவு பெரிய நாள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சரி, இந்த நேயரின் நிலையில் ஒரு கிளப்பின் ரசிகர்கள் மொத்தமும், அதுவும் ஒரே நேரத்தில் மூன்று வீரர்களுக்காகத் தவித்த ஒரு சீசனைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஊகம் எப்படிப் பிழைபடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சீசன் வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

2024-25 சீசனில் லிவர்பூல் கிளப்பின் முகமது சலா, விர்ஜில் வான் டைக், டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ஆகிய மூவருக்கும் அந்த சீசனின் முடிவோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. செப்டம்பர் முதல் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை 3-0 என வென்ற கையோடு சலா, இது கிளப்பில் தனது கடைசி ஆண்டு என்றும், ஒப்பந்தம் பற்றி யாரும் தன்னிடம் பேசவில்லை என்றும் தொலைக்காட்சியில் சொன்னார். நவம்பர் 24 அன்று சவுத்தாம்ப்டன் அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்து 3-2 வெற்றியைத் தந்தார். வழக்கமாகச் செய்தியாளர்களைக் கடந்து போய்விடும் அவர் அன்று நின்று பேசினார். கிளப்பிலிருந்து தனக்கு இன்னும் எந்த முன்மொழிவும் வரவில்லை என்றும், தங்குவதைவிடப் போவதற்கே வாய்ப்பு அதிகம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்ட எவருக்கும் அவர் போய்விட்டார் என்றுதான் தோன்றியிருக்கும்.

அலெக்சாண்டர்-ஆர்னால்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் ஆறு வயதில் அந்தக் கிளப்பின் பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர், அந்த நகரத்திலேயே பிறந்தவர். டிசம்பர் 29 அன்று வெஸ்ட் ஹாம் அணியை 5-0 என வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தவுடன், விரல்களைக் குவித்து வாய் பேசுவதுபோல் திறந்து மூடிக் காட்டினார். ஊர் என்னென்னவோ பேசுகிறது, பேசட்டும் என்ற சைகை அது. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போகப்போகிறார் என்ற செய்திகளை அவர் மறுக்கிறார் என்று ஒரு சாரார் உறுதியாக எழுதினார்கள். வெளியேறப் போகிறவன் இப்படிச் செய்வானா என்று கேட்டார்கள்.

நடந்தது என்ன? போய்விடுவேன் என்பதுபோல் பேசிய சலா 2025 ஏப்ரல் 11 அன்று இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தார். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 17 அன்று, வான் டைக்கும் நீட்டித்தார். மண்ணின் மைந்தரான அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மே 5 அன்று விடைபெறுவதாக அறிவித்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். பேச்சையும் சைகையையும் நம்பியவர்கள் இரண்டு இடத்திலும் தவறினார்கள்.

தேதியையும் வயதையும் பார்த்தவர்களுக்கு இது இவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. சலாவுக்கு அப்போது 32 வயது, வான் டைக்குக்கு 33. முப்பதைக் கடந்த ஒருவருக்கு நீண்ட ஒப்பந்தம் தரக் கிளப்புகள் தயங்கும். அதே நேரம், அந்த வயதில் அதே சம்பளத்தையும் அதே தரமான அணியையும் ஐரோப்பாவில் வேறெங்கும் காண்பது வீரருக்கும் கடினம். ஆகவே இரு தரப்புக்கும் இடையில் இருந்த கேள்வி பெரும்பாலும் எத்தனை ஆண்டுகள் என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பது இருவரும் ஏற்கக்கூடிய எண். அந்த சீசனில் சலா பிரீமியர் லீக்கில் 29 கோல்கள் அடித்து, 18 கோல்களுக்கு வழிவகுத்தார். அப்படி ஆடும் ஒருவரை இழந்து வேறொருவரை விலைக்கு வாங்குவது எவ்வளவு செலவு என்பதைக் கிளப்பும் கணக்கிட்டிருக்கும். செய்தியாளர்களிடம் அவர் நின்று பேசியது பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். அதை விடைபெறும் உரையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கு 26 வயது. அவர் வயதில் ஒரு முழு நீள ஒப்பந்தம் இன்னும் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். மாற்றுத் தொகை இல்லாமல் வரும் வீரருக்கு, அந்தத் தொகையாகப் பழைய கிளப்புக்குப் போயிருக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கைக் கையெழுத்து போனஸாகவும் கூடுதல் சம்பளமாகவும் தரப் புதிய கிளப்பால் முடியும். இத்தகைய நிலையில் உள்ள ஒருவர் கடைசி ஆண்டு வரை கையெழுத்திடாமல் இருந்தாலே, அதைத்தான் செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய விரல்கள் என்ன காட்டின என்பது முக்கியமே இல்லை. பின்னர், ஜூன் மாதத்தில் தொடங்கிய கிளப் உலகக் கோப்பையில் அவரை ஆடவைப்பதற்காக, ஒப்பந்தம் முடியச் சில வாரங்களுக்கு முன்னதாக விடுவிக்கும்படி கேட்டு ரியல் மாட்ரிட் ஏறத்தாழ 1 கோடி யூரோ கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. சில வாரங்களுக்கே இந்த விலை என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பேசி முடிக்காமல் விட்டதில் கிளப் இழந்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இப்படிப்பட்ட சூழலில் கோபப்பட வேண்டுமானால், முதலில் நிர்வாகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். நட்சத்திர வீரரின் ஒப்பந்தம் கடைசி ஆண்டுக்குள் நுழைய ஏன் விட்டீர்கள் என்பதே சரியான கேள்வி.

இனி, உங்கள் வீரர் ஏன் வாய் திறப்பதில்லை என்பது. பேச்சுவார்த்தை நடக்கும்போது "நான் இங்கேதான் இருப்பேன்" என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டால், கிளப் ஒரு ரூபாயும் கூட்டித் தர வேண்டியதில்லை. "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், மீதமுள்ள ஆட்டங்களில் சொந்த மைதானமே எதிரி மைதானமாகிவிடும். அலெக்சாண்டர்-ஆர்னால்டுக்கு அதுதான் நேர்ந்தது. அறிவித்த ஆறு நாளில், மே 11 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மாற்று வீரராக இறங்கியபோது, லிவர்பூல் அணியோடு லீக் பட்டம் வென்றிருந்த அவரையே சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு அவமதித்தார்கள். மௌனம் மட்டுமே அவருக்குப் பாதுகாப்பு. உங்கள் வீரரும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான் பேசாமல் இருக்கிறார். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தின் கடைசி நாள் வரை ஓடி உழைத்து ஆடினால் அவர் தன் வாக்கைக் காப்பாற்றியவர்தான். ரசிகருக்கு வருந்த உரிமை இருக்கிறது. அந்த வருத்தத்தை அவர் குடும்பத்தின் மீதும் குழந்தைகளின் படங்களுக்குக் கீழும் கொட்ட யாருக்கும் உரிமையில்லை.

அவர் பேசாத இடத்தில் யார் பேசுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். "பேச்சு நல்லபடியாகப் போகிறது, கிளப் நம்பிக்கையோடு இருக்கிறது" என்று வரும் செய்தி பெரும்பாலும் கிளப் தரப்பிலிருந்து கசிவது. சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் காலத்தில் இது அவர்களுக்குத் தேவைப்படுகிறது. "பல கிளப்புகள் ஆர்வம் காட்டுகின்றன" என்று வருவது பெரும்பாலும் ஏஜென்ட் தரப்பிலிருந்து வருவது. தொகையை உயர்த்த இது அவர்களுக்குத் தேவைப்படுகிறது. இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டுமே யாரோ ஒருவருடைய தேவைக்காக வெளியிடப்பட்டவை. செய்தியைப் படிக்கும்போது, இது வெளிவருவதால் யாருக்கு ஆதாயம் என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் மனதார விரும்பியும் கையெழுத்து நடக்காமல் போவது உண்டு. 2020 ஆகஸ்ட் மாதம் பார்சிலோனாவை விட்டுப் போக வேண்டும் என்று கடிதம் அனுப்பிய மெஸ்ஸி, போக முடியாமல் தங்கினார். அடுத்த ஆண்டு தங்க வேண்டும் என்று விரும்பினார். கிளப்பும் விரும்பியது, உடன்பாடும் எட்டப்பட்டது. ஆனால் ஸ்பானிஷ் லீக்கின் சம்பள வரம்பு விதிகளால் அவரைப் பதிவு செய்ய முடியாது என்று 2021 ஆகஸ்ட் 5 அன்று கிளப் அறிவித்தது. மூன்று நாள் கழித்து அவர் மேடையில் அழுததை உலகமே பார்த்தது. போக விரும்பிய ஆண்டில் தங்கியும், தங்க விரும்பிய ஆண்டில் போயும் முடிந்தது அவர் கதை. எனவே உங்கள் கிளப்பின் சம்பளக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அதைப் பற்றிய செய்திகள் சலிப்பூட்டினாலும், லைக் பற்றிய செய்திகளைவிட அவை பயனுள்ளவை.

இந்த நேயருக்கு என் கணிப்பு என்ன? உங்கள் வீரருக்கு முப்பது வயது ஆகிவிட்டது என்றால், ஜனவரி தாண்டியும் நம்பிக்கையை விடாதீர்கள். கடைசி இரண்டு மாதங்களில்கூட முடியலாம். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இருக்கிறார், பெரிய வெளிநாட்டுக் கிளப் ஒன்று வெளிப்படையாக விரும்புகிறது என்றால், ஜனவரிக்குப் பிறகும் கையெழுத்து வரவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொண்டு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்வது நல்லது.

ஒருவேளை கையெழுத்தாகிவிட்டால், அறிவிப்புப் படத்தைப் பார்த்துக் கொண்டாடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 2022 மே 21 அன்று கிலியன் எம்பாப்பே, தன் பெயருக்குக் கீழே 2025 என்று எழுதிய ஜெர்சியைப் பாரிஸ் ரசிகர்கள் முன்னால் தூக்கிக் காட்டினார். ஆனால் அந்த மூன்றாவது ஆண்டு அவருடைய விருப்பத்துக்கு விடப்பட்ட ஆண்டு. அதைப் பயன்படுத்தப்போவதில்லை என்று 2023 ஜூன் மாதம் கிளப்புக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். 2024இல் மாற்றுத் தொகை ஏதுமின்றி ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். இதற்கு மாறாக, 2025 ஜூலையில் அத்லெட்டிக் பில்பாவோவின் நிக்கோ வில்லியம்ஸ் நீட்டித்தபோது, கிளப்பே இரண்டு விவரங்களைச் சேர்த்து அறிவித்தது. ஒப்பந்தம் 2035 வரை செல்லும். விடுவிப்புத் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை அழைத்துச் செல்ல வேறு கிளப் கட்ட வேண்டிய தொகை, 50 சதவீதத்துக்கும் மேல் உயர்த்தப்பட்டிருக்கிறது. உங்கள் வீரரின் அறிவிப்பிலும் எத்தனை ஆண்டுகள், கடைசி ஆண்டு யாருடைய விருப்பத்தில் இருக்கிறது, விடுவிப்புத் தொகை உண்டா என்று தேடிப் பாருங்கள்; அந்த விவரங்கள் வெளிவரவில்லை என்றால் அடுத்த ஆண்டும் இதே கேள்வியை நீங்கள் அனுப்ப வேண்டியிருக்கலாம்.