"வேண்டாம்" என்று சொல்ல விட்டார்களா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்று தெரிந்தும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற மட்டக்களப்புச் சனத்துக்கும் வணக்கம்.

"உலகத்தர ஜிம்னாஸ்டிக் வீராங்கனையின் வாழ்வில் விஞ்சி நிற்பது பெற்றதா, இழந்ததா?" இதுதான் தலைப்பு. பெற்றதே என்று எதிரணித் தம்பி பேசிவிட்டு இப்போதுதான் போய் உட்கார்ந்தார். நல்லாத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. 1976இல் மொன்றியலில் 14 வயது ருமேனியப் பிள்ளை நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முதன்முதலாக முழுசாகப் பத்துப் புள்ளி எடுத்ததையும், பத்து என்று காட்ட வழியில்லாத அந்தப் புள்ளிப் பலகை 1.00 என்று காட்டிக்கொண்டு நின்றதையும் அவர் சொன்னபோது நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் 11 ஒலிம்பிக் பதக்கங்களையும் எண்ணிக் காட்டினார். நம்முடைய மில்கா கெஹானி டோக்கியோவில் கொடி பிடித்து வந்ததையும் விடவில்லை. இலங்கையிலிருந்து ஜிம்னாஸ்டிக்குக்காக ஒலிம்பிக் போன முதல் ஆள் அவர், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தம்பி, நீங்கள் வரவுப் பக்கத்தை மாத்திரம் வாசித்துவிட்டுக் கொப்பியை மூடிவிட்டீர்கள். மற்றப் பக்கத்தை நான் வாசிக்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இவர்கள் ஏறி நின்று கரணம் போடுகிற பீம் என்ற ஒடுங்கிய கட்டை இருக்கிறதே, அதன் அகலம் 10 சென்ரிமீற்றர். விரல்களை ஒட்டி, பெருவிரலையும் சேர்த்து என் கையை இப்படிக் குறுக்கே வைத்தால் அவ்வளவுதான். நீளம் 5 மீற்றர். உயரம் 125 சென்ரிமீற்றர், அதாவது முன்வரிசையில் பாயில் இருக்கிற இந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழும்பி நின்றால் அவளுடைய தலையளவு. அதன் மேல் ஏறி, கால் எங்கே விழப்போகிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாமல் பின்பக்கமாகக் கரணம் போடுவார்கள். பார் என்கிற கம்பியில் தொங்கிச் சுழலும்போது உள்ளங்கைத் தோல் பிய்ந்து வரும், அதை வெட்டி எறிந்துவிட்டு, கையைச் சுற்றிக் கட்டி, வெள்ளைத் தூளை அப்பிக்கொண்டு திரும்பவும் அதே பாரைப் பிடிப்பார்கள். அந்த மட்டத்தில் வாரத்துக்கு 30 மணித்தியாலம் பயிற்சி என்பது சாதாரணம். சரி, உடம்பு நோவது உழைப்போடு வருவது, அதைச் சொல்லி அழுவதற்காக நான் மேடையேறவில்லை.

நான் சொல்ல வந்த இழப்பு வேறு. அந்தப் பிள்ளை முதன்முதலில் இழப்பது "எனக்கு வேண்டாம், இன்றைக்கு ஏலாது" என்று சொல்லுகிற உரிமையை. மற்ற எல்லா இழப்பும் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

எலேனா முகினா என்று ஒரு பிள்ளை, சோவியத் நாட்டுக்காரி. 1978இல் நம்ம தம்பி கொண்டாடிய அதே நாடியாவையும் தோற்கடித்து உலகச் சம்பியன் ஆனவள். அடுத்த வருடம் கால் முறிந்தது. முறிந்த கால் சரியாகப் பொருந்த முதலே பயிற்சிக்கு இழுத்தார்கள், ஏனென்றால் மொஸ்கோ ஒலிம்பிக் வருகிறது, நாட்டுக்குத் தங்கம் வேண்டும். ஆண்கள் செய்துவந்த தோமஸ் சால்டோ என்ற ஒரு பயங்கரமான கரணத்தை அவளுடைய தரை நிகழ்ச்சியில் சேர்த்தார்கள். அதில் முன்னால் உருண்டு இறங்க வேண்டும், சுழற்சி ஒரு துளி குறைந்தால் நாடி தரையில் அடிக்கும். கால் முழுதாகத் தேறவில்லை, எம்பிப் பாய அதில் பலம் இல்லை, இதெல்லாம் அவளுக்கும் தெரியும், அவளைப் பழக்கியவர்களுக்கும் தெரியும். ஒலிம்பிக் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது, 1980 ஜூலை 3ஆம் திகதி, மின்ஸ்க் நகரில் பயிற்சியில் நாடி தரையில் அடித்துக் கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. அதன்பிறகு கை கால் அசையாமல் 26 வருடம் படுத்துக் கிடந்து 2006இல் இறந்துபோனாள். அந்தக் கரணத்தைப் பெண்கள் செய்யக்கூடாது என்று பிறகுதான் தடை வந்தது. பிறகு!

இதைக் கேட்டு "அது சோவியத், அந்தக் காலம்" என்று எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். சரி, அமெரிக்காவுக்கு வருவோம். 1996, அட்லாண்டா. 18 வயது கெரி ஸ்ட்ரக், ஓடிவந்து கையூன்றிப் பாய்கிற வோல்ட் போட்டியில் முதல் தடவை பாய்ந்தபோதே கணுக்கால் போய்விட்டது. நொண்டிக்கொண்டு நிற்கிறாள். "உன்னால் முடியும்" என்று ஓரத்திலிருந்து கத்துகிறார் பயிற்சியாளர். இரண்டாவது தடவையும் ஓடிப் பாய்ந்து, இறங்கி, ஒற்றைக் காலில் நின்று நடுவருக்குக் கையுயர்த்திவிட்டு அப்படியே மண்டியிட்டு விழுந்தாள். உலகமே அழுதது, வீரம் என்றது. பிறகு புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால், அவள் இரண்டாவது தடவை பாயாமலே அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைத்திருக்கும்! அந்தக் காலோடு அவளால் தன்னுடைய தனிநபர் இறுதிப் போட்டிகளுக்கு இறங்க முடியவில்லை. அணிக்குப் பதக்கம் வந்தது, அவளுக்கென்று இருந்த வாய்ப்பு போனது.

இப்போது சொல்லப்போவதைத் தாய்மார் கவனமாகக் கேளுங்கள். அமெரிக்க அணிக்கு லரி நசார் என்று ஒரு வைத்தியர் இருந்தார். வைத்தியம் என்ற பெயரில் பிள்ளைகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார், வருடக்கணக்காக. பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னார்கள், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. 2018இல் 150க்கு மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நீதிமன்றத்தில் எழும்பி நின்று பேசிய பிறகுதான் 40 தொடக்கம் 175 வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. தம்பி 11 பதக்கம் என்று எண்ணிய சிமோன் பைல்ஸும் அவனால் பாதிக்கப்பட்டவர்தான். 2021 செப்ரெம்பரில் அமெரிக்க செனட் சபைக்குப் போய், குற்றங்களை விசாரிக்கிற எஃப்பிஐ கூட எங்களைக் கைவிட்டது என்று சாட்சி சொன்னார். பதக்கத்தை எண்ணியவர் இதையும் எண்ணியிருக்க வேண்டாமா?

அதே பைல்ஸ், அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் டோக்கியோவில், காற்றில் சுழலும்போது தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்ற உணர்வே தப்பிப் போகிறது, இப்படியே பாய்ந்தால் கழுத்து முறியும் என்று அணிப் போட்டியின் நடுவில் விலகினார். முகினாவுக்குக் கிடைக்காத அந்த "வேண்டாம்". அதற்கு என்ன நடந்தது? கோழை என்றார்கள், நாட்டைக் கைவிட்டவள் என்றார்கள். வாழ்க்கையில் ஒரு கரணம்கூடப் போட்டிராத ஆட்கள், சோபாவில் சாய்ந்துகொண்டு! மூன்று வருடம் கழித்து பாரிஸில் மூன்று தங்கம் எடுத்தார், அது வேறு கதை. எடுக்காமல் விட்டிருந்தாலும் அவர் விலகியது சரிதான்.

ஒக்ஸானா சுசோவிட்டினாவைத் தம்பி பெரிய துருப்பாக வைத்தார், 46 வயதிலும் ஒலிம்பிக் ஆடிய தாய் என்று. உண்மைதான், எட்டு ஒலிம்பிக். ஆனால் 1992இலேயே ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அந்தப் பெண் உஸ்பெகிஸ்தானை விட்டு ஜேர்மனிக்கு ஏன் போனார் என்று சொன்னாரா? 2002இல் சின்ன மகனுக்கு இரத்தப் புற்றுநோய். வைத்தியச் செலவுக்குக் கையில் காசில்லை. போட்டியில் கிடைக்கிற பணத்துக்காகத்தான் ஓடி ஓடிப் பாய்ந்தார். தங்கப் பதக்கம் வைத்திருந்த தாய்க்கு மகனின் மருந்துக்குக் காசில்லை என்றால், அவர் பெற்றது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மகன் பிழைத்துவிட்டான், கடவுள் புண்ணியம்.

நாடியாவைப் பற்றியும் பாதிக் கதையைத்தான் கேட்டோம். அவருக்குக் கைதட்டிய அதே ருமேனியா பிறகு கண்காணிப்பு வைத்து, வெளிநாட்டுப் பயணத்தையும் இறுக்கிவிட்டது. கடைசியில் 1989 நவம்பரில் இரவோடு இரவாக நடந்து எல்லை கடந்து ஹங்கேரிக்குள் போனார். அப்போது அவருக்கு 28 வயது.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையானாலும் கிழக்கே எழுவான்கரையானாலும் மகள் பிறந்தவுடன் அவளுக்கு எந்த வளவில் வீடு கட்டுவது என்று பேசத் தொடங்குகிற சனம் நாம். அதில் பாசம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டைத் தீர்மானித்த கையோடு புலமைப்பரிசில், ரியூசன், எந்தத் துறை, யார் மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் நாமே முடித்துவிட்டு, கடைசியில் அவளிடம் சொல்லுகிறோம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக் கண்காட்சி பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டி, ஆகச் சின்னப் பிள்ளையை உச்சியில் ஏற்றிவிடுவார்கள், அவளுக்குக் கால் நடுங்கும், கீழே நின்று நாம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு "நேர நில்லு, சிரி!" என்று கத்துவோம். இறக்கி விடுங்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னால் கேட்கிற ஆள் அந்த மைதானத்தில் யார்?

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிஷம் ஐயா. அடுத்ததாக எதிரணியில் பேச வருகிற அக்காவிடம் ஒன்றே ஒன்று. நீங்களும் பதக்கம்தான் எண்ணப்போகிறீர்கள், எண்ணுங்கள். ஆனால் அதற்கு முதல், முகினா படுத்துக் கிடந்த 26 வருடத்துக்கு ஈடாக எந்தப் பதக்கத்தை வைக்கிறீர்கள் என்று பெயர் சொல்லி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவர் ஐயா குறித்துக்கொள்ளட்டும். நன்றி, வணக்கம்.