பின்பக்கம் தாழ்ந்த பிக்கப்: பட்டை சேர்க்கும் முன்பும் பின்பும்

நேயர்களுக்கு வணக்கம். மாங்காய்ச் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிப் பக்கமோ, விடியற்காலையில் ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டிலோ நின்றால், பின்பக்கம் தரையோடு தாழ்ந்து முன்பக்கம் தூக்கி நிற்கும் பிக்கப் வண்டிகளைப் பார்க்கலாம். அதே மாதிரி வண்டியின் பின்னால், படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர் என்னும் இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு ஒகேனக்கல், ஏற்காடு என்று கிளம்ப ஆசைப்படுகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். இரு தரப்புமே ஸ்பிரிங் பட்டறைக்கு வந்து, "பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். பட்டை என்பது, பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடு.

சேர்க்கலாம். ஆனால் பட்டை வண்டியின் உயரத்தைத்தான் திருத்தும், தாங்கும் எடையைக் கூட்டாது. ஆக்சில், வீல் பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதானே? ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை ஒரு கிலோ கூட ஏறாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,000 கிலோ கேம்பர் என்றால், அதன் முன்கம்பி வண்டியின் கொக்கியை 100 முதல் 150 கிலோ வரை அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ஓட்டத்தில் கேம்பர் இடமும் வலமும் ஆடும். 150 கிலோ என்றே வைப்போம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர், கொக்கி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால். இப்போது பின் ஆக்சிலில் ஏறுவது 150 அல்ல, 210 கிலோ. மீதி 60 கிலோ முன் ஆக்சிலிலிருந்து தூக்கி எடுக்கப்பட்டது. அந்த 60 கிலோதான் ஆபத்து. ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எந்தப் பட்டையும் இதைத் திருப்பித் தராது. பிக்கப்பின் தொட்டியில் உள்ள கனமான சாமான்களைக் கேபினை ஒட்டி நகர்த்தினால் ஓரளவு திரும்பும். கேம்பருக்குள் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் போன்றவற்றை அதன் ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ கட்டுங்கள், பின்கோடியில் வைக்கவே கூடாது.

நம் மாவட்டங்களில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. கேம்பரை மாட்டி, ஆட்களையும் சாமானையும் ஏற்றிய நிலையில், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, பிக்கப்பின் நான்கு சக்கரமும் ஏறியபின் ஒரு சீட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் ஆக்சிலின் எடை. வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள ஆக்சில் அளவோடு ஒப்பிடுங்கள். டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் எடைக் குறியீடு 100 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1,000. எடை அளவை மீறியிருந்தால் பட்டறைக்குப் போகாதீர்கள், சாமானை இறக்குங்கள்.

எடை சரி, பின்பக்கம் மட்டும் தாழ்கிறது என்றால் பழைய கட்டை, அதாவது பட்டைகளின் அடுக்கைக் கவனியுங்கள். பல வண்டிகளுக்குக் கூடுதல் பட்டையே தேவைப்படாது, பழுதானதை மாற்றினால் போதும். மெயின் பட்டையின் முனையில் சுருட்டிய வளையமான கண்ணுக்கு அருகே விரிசல், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் பக்கத்தில் உடைந்த பட்டை, பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளில் தேய்ந்த புஷ், ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ரப்பர் காணாமல் போனது, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். வளைவு போன பட்டையைக் கேஸ் கட்டரால் சூடாக்கி மறுபடி வளைப்பதை அனுமதிக்காதீர்கள். ஸ்பிரிங் எஃகின் பதம் அங்கேயே போய்விடும். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பது அதைவிட மோசம்: வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும்.

பட்டை சேர்ப்பது என்று முடிவானால் கனத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் விறைப்பு, கனத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கிய கணக்கில் (கனம் × கனம் × கனம்) கூடும். 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால், பார்வைக்குச் சிறு வித்தியாசம், விறைப்போ ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலி வண்டி பாலக்கோடு பக்கத்துக் கிராமச் சாலையில் குதித்துக் குதித்துப் போவது இதனால்தான். என் கருத்தில், கட்டில் உள்ள அதே கனத்தில் ஒரு நீளப் பட்டை போதும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேர்க்க வேண்டும். எப்போதாவது மட்டும் இழுப்பவர்களுக்குச் சுமை வந்தால் மட்டுமே தொடும் ஹெல்பர் பட்டை இன்னும் நல்லது.

மாட்டும்போது, கட்டை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட் புதிதாகவே இருக்கட்டும். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி கிடைக்காது. கட்டு தடித்துவிட்டதால் நீளமும் கூட வேண்டும். இறுக்கியபின் நட்டுக்கு வெளியே மூன்று நான்கு மரை தெரியவேண்டும். சென்டர் போல்டின் தலை ஆக்சில் மேடையின் குழியில் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். உட்காராவிட்டால் ஆக்சில் நகர்ந்து வண்டி நண்டுபோலக் கோணலாக ஓடும், டயர் ஒரு பக்கம் தேயும். நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். ஷாக்கிள், கண் போல்ட்களை வண்டி தரையில் நின்று எடை இறங்கியபின் மட்டும் கடைசியாக இறுக்கவேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இனி, பலர் மறந்துவிடும் ஒன்று. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி போகும். அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வோடு இணைந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் "சுமை இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கை முழுதாக விடும், உயர்ந்தால் குறைக்கும். நீங்கள் பட்டை சேர்த்து உயர்த்திவிட்டால், சுமையோடு இருக்கும் வண்டியை அது காலி வண்டி என்றே நம்பும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இதன் விலை புரியும்: முன் பிரேக் மட்டுமே சூடேறி வேலை செய்யும். எனவே பட்டை மாற்றிய அன்றே சர்வீஸ் கையேட்டின்படி அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு இல்லை. கீழே குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். எந்த வண்டியானாலும் கணவாய்க்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள்.

பட்டைக்குத் துணையாகச் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே காற்றுப் பை வைக்க விரும்புகிறவர்கள், காலியாகப் போகும்போதும் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்த அளவு காற்றை விட்டுவைக்க வேண்டும். முழுதும் இறக்கினால் பை மடிந்து கிழியும். காற்றுக் குழாய் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. பட்டை, தன் இரு முனைகளிலும் சேசிஸில் எடையைப் பகிர்கிறது. பையோ ஒரே இடத்தில் அழுத்துகிறது. ஆகவே, அந்த இடத்தில் விரிசல் வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் தயாரிப்பாளரின் அளவுகளுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அதிக எடைக்கு 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வேலை முடிந்தபின் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்க்கவேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அதே நாளில் கேம்பரை மாட்டி, சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டையும் தாழ்த்திச் சரிசெய்துவிடுங்கள்.