யூசர் ஏஜென்ட்டை ஐபோனாக மாற்றினால் போதுமா?

யூசர் ஏஜென்ட் என்றால், பிரவுசர் தான் யார் என்று சர்வரிடம் சொல்லும் பெயர். ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "சார், குரோமில் யூசர் ஏஜென்ட் ஸ்விட்சர் எக்ஸ்டென்ஷன் போட்டு, ஐபோன் சஃபாரி என்று மாற்றி என் சைட்டைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கஸ்டமரின் ஐபோனில் கீழே இருக்கும் ஆர்டர் பட்டன் பாதி மறைகிறது. எக்ஸ்டென்ஷன் பொய் சொல்கிறதா?"

ஆமாம், பொய்தான் சொல்கிறது, அதன் வேலையே அதுதான்! ஆனால் அந்தப் பொய் சர்வருக்கு. நீங்கள் ஏன் நம்பினீர்கள்? பழைய வீடியோக்களில் சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுத்திருக்கும், கடை போர்டை மாற்றினால் உள்ளே சரக்கு மாறாது. போர்டில் ஐபோன், ஆனால் உள்ளே பக்கத்தை வரைவது குரோமின் பிளிங்க் எஞ்சின். அந்த ஐபோனில் வரைவது வெப்கிட். நீங்கள் சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தின் உயரத்துக்கு 100விஎச், அதாவது முழுத் திரை உயரம், கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஐபோன் சஃபாரி, அட்ரஸ் பார் சுருங்கிய பிறகு கிடைக்கிற உயரத்தைத்தான் 100விஎச் என்று கணக்குப் போடும், அதனால் பார் விரிந்து நிற்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். கம்ப்யூட்டர் குரோமில் சுருங்கி விரிகிற பாரே கிடையாது, அப்புறம் எப்படித் தெரியும்?

எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மொபைல் என்றால் சர்வர் வேறு முகவரிக்கு அனுப்புகிறதா, வேறு பக்கம் தருகிறதா என்று பார்க்க அருமையான கருவி. அதிலும் ஒரு சிக்கல், குரோம் செக்-சிஎச்-யுஏ என்று தனியாக ஒரு ஹெட்டரிலும் (கோரிக்கையோடு போகும் குறிப்பு) தன் பெயரை அனுப்பும், அதைத் தொடாத எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. போர்டில் ஐபோன், பில்லில் குரோம். குரோமிலேயே இருக்கும் டெவலப்பர் கருவியான டெவ்டூல்ஸில் நெட்வொர்க் டேப் திறந்து ரிக்வெஸ்ட் ஹெட்டரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றவும் மறக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கூகுளின் தேடல் ரோபோவான கூகுள்பாட் என்று மாற்றியதை அப்படியே விட்டுவிட்டு, ஒரு டிக்கெட் சைட் உள்ளே விடவில்லை என்று காலை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம் அந்த சைட்.

சரி, நான் எதிர்பார்த்த கேள்வி வேறு: நீ எந்த பிரவுசர் என்று சைட் ஏன் கேட்கிறது? கேட்டால் பொய்தான் வரும். குரோம் சொல்கிற பெயரைப் படித்துப் பாருங்கள், மொசில்லாவில் ஆரம்பித்து, நடுவில் ஃபயர்பாக்ஸ் எஞ்சினின் பெயரோடு "லைக் கெக்கோ" என்று வந்து, சஃபாரியில் முடியும். பெயர் பார்த்து விரட்டிய சைட்களுக்குப் பயந்து சேர்ந்த வால்கள் அவை. 2009இல் ஒபேரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த சைட்கள் அதை ஒபேரா 1 என்று நினைத்தன, அதனால் அது 9.80 என்றே சொல்லிக்கொண்டது! 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 வந்த பிறகு ஐபேட் சஃபாரி தன்னை மேக் என்றே சொல்கிறது. உங்கள் ஸ்கிரிப்டில் ஐபேட் என்று தேடும் வரி இருந்தால் இப்போதே தூக்குங்கள். வேண்டிய வசதி இருக்கிறதா என்று மட்டும் பிரவுசரிடம் கேளுங்கள். உங்கள் பட்டனுக்கு அதுகூட வேண்டாம், 100விஎச் ஒரு வரி, அதற்குக் கீழே 100டிவிஎச், அதாவது பார் சுருங்கினாலும் விரிந்தாலும் அப்போது தெரிகிற உயரம், இன்னொரு வரி. சஃபாரி 15.4 முதல் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், அதைத் தெரியாத பழைய பிரவுசர் முதல் வரியோடு நின்றுகொள்ளும்.