டோனி ரோமோவை ஒரு நழுவிய பந்தைக் கொண்டு எடைபோடலாமா?

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிய சென்ற வீடியோவில் டோனி ரோமோவின் பெயரை நான் மரியாதையோடு சொன்னதற்கு, "பந்தைக் கையில் நிறுத்தத் தெரியாதவருக்கா இவ்வளவு புகழ்ச்சி?" என்ற தொனியில் நிறைய பேர் எழுதியிருந்தீர்கள். வழக்கமாக இத்தகைய கேள்விகளுக்கு வீடியோவின் கடைசியில்தான் பதில் சொல்வேன். இந்த முறை வீடியோ முழுவதுமே பதில்தான். 14 சீசன்கள் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் இருந்த ஒருவரை ஒரே நொடியைக் கொண்டு எடைபோடுவது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம்.

அந்த நொடியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2007 ஜனவரி 6, சியாட்டில் நகரில் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றின் ஆட்டம். சீஹாக்ஸ் 21, கௌபாய்ஸ் 20. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே மீதியிருந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் 19 யார்டு ஃபீல்ட் கோல் ஒன்றை அடித்தால் டல்லஸ் முன்னிலை பெறும். அந்தத் தூரம் தொழில்முறை வீரர்களுக்குப் பெரும்பாலும் தவறவே தவறாது. பின்னோக்கி வரும் பந்தை வாங்கி, தரையில் நிறுத்தி, உதைப்பவருக்காகப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர் வேலையில் ரோமோ இருந்தார். பந்து அவர் கைக்குச் சரியாகத்தான் வந்தது, நிறுத்தும்போது நழுவிவிட்டது. உடனே அதைப் பொறுக்கிக்கொண்டு இடப்பக்கமாக ஓடினார். பின்னாலிருந்து துரத்திய ஜோர்டன் பாபினோ, எல்லைக் கோட்டுக்கு ஏறத்தாழ 2 யார்டு தூரத்தில் அவரை மடக்கி வீழ்த்தினார். கௌபாய்ஸ் தோற்றது. பில் பார்செல்ஸ் அதன் பயிற்சியாளராக நின்ற கடைசி ஆட்டமும் அதுவாகவே முடிந்தது.

அதே ஆட்டத்தில் இதற்குச் சற்று முன் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், அதைப் பலரும் சொல்வதே இல்லை. கௌபாய்ஸின் ஜேசன் விட்டன் பிடித்த பந்தை நடுவர்கள் முதலில் ஃபர்ஸ்ட் டவுன், அதாவது அணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் உண்டு என்று அறிவித்து, பிறகு வீடியோவைப் பார்த்து அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வராமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் உதைக்கவே தேவை இருந்திருக்காது. இன்னொன்று: ஹோல்டர் வேலை சாதாரணமாக மாற்று குவார்ட்டர்பேக்குக்கோ, பந்தைக் கையிலிருந்து விட்டுத் தொலைவுக்கு உதைக்கும் பண்ட்டருக்கோ உரியது. ரோமோ அந்தச் சீசனின் நடுவில், 2006 அக்டோபரில், ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளைக்குப் பிறகு ட்ரூ பிளெட்சோவின் இடத்துக்கு வந்தவர். முதன்மை குவார்ட்டர்பேக்கான பிறகும் பழைய வேலை அவர் கையிலேயே இருந்தது. உதைப்பதற்கென்று தனியாக வைக்கப்பட்ட பந்துகள் அன்று மற்றவற்றைவிடப் புதியவையாக, வழுக்கலானவையாக இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தாற்போல, இருபது ஆண்டுகளாக இந்த ஒரு காட்சியையே மென்றுகொண்டிருக்கிறார்கள்.

அவர் எங்கிருந்து அந்த இடத்துக்கு வந்தார் என்பதைக் கவனியுங்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் பர்லிங்டன் என்ற சிற்றூரில் வளர்ந்து, பெரிய பெயரில்லாத ஈஸ்டர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆடி, இரண்டாம் நிலைக் கல்லூரி அணிகளின் சிறந்த தாக்குதல் வீரருக்கான வால்டர் பேட்டன் விருதை 2002இல் பெற்றவர். அந்த விருது இருந்தும் கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 2003 டிராஃப்டின் ஏழு சுற்றுகளிலும் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் முன்பு குவார்ட்டர்பேக்காக ஆடியவரும், அப்போது கௌபாய்ஸின் துணைப் பயிற்சியாளராக இருந்தவருமான ஷான் பேட்டன்தான் அவரை டல்லஸுக்கு அழைத்துவந்தார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் பெஞ்சில் காத்திருந்த அவர், ஓய்வு பெற்றபோது 34,183 யார்டுகளும் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்த 248 டச் டவுன் பாஸ்களும் கௌபாய்ஸின் சாதனைகளாக அவர் பெயரில் இருந்தன. சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கு நான்கு முறை தேர்வானார். பிளேஆஃபில் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. அதை நான் மறைக்கப் போவதில்லை.

2014 சீசனில் அணி 12 ஆட்டங்களை வென்றது. எறிந்த பந்துகளில் 69.9 சதவீதத்தை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். கிரீன் பேயில் நடந்த பிளேஆஃபில் அவரது அணியின் டெஸ் பிரையன்ட் தாவிப் பிடித்த பந்தைச் செல்லாது என்று நடுவர்கள் திருத்தியதோடு அந்த ஆண்டும் முடிந்தது. 2018இல் பந்தைப் பிடிப்பது குறித்த அந்த விதியையே இந்தத் தொழில்முறைப் போட்டியை நடத்தும் என்எஃப்எல் எளிமையாக்கியது. ரோமோவுக்கு அதற்குள் காலம் கடந்துவிட்டது.

2015இல் காறையெலும்பு இரண்டு முறை முறிந்தது. 2016 ஆகஸ்டில், அதே சியாட்டில் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டது. அவர் குணமாகித் திரும்புவதற்குள் டாக் பிரெஸ்காட் என்ற புதியவர் வெற்றிமேல் வெற்றி குவித்துவிட்டார். அந்த நவம்பரில் ரோமோ செய்தியாளர்கள் முன் ஒரு தாளை வைத்துப் படித்தார். இடம் பிரெஸ்காட்டுக்கே உரியது, அதை அவர் சம்பாதித்திருக்கிறார் என்பதே அதன் சாரம். குரல் சில இடங்களில் தடுமாறியது. எவர் மீதும் குறை சொல்லாமல் முடித்தார். நான் அவரை மதிக்கத் தொடங்கியது அந்தத் தாளுக்குப் பிறகுதான்.

2017 ஏப்ரலில் ஆட்டத்தை விட்டு, நேரே சிபிஎஸ் தொலைக்காட்சியின் முதல் வரிசை வர்ணனையாளராக, ஃபில் சிம்ஸின் இடத்தில், முதன்மை வர்ணனையாளர் ஜிம் நான்ட்ஸுக்கு அருகே போய் அமர்ந்தார். வர்ணனை அனுபவமே இல்லாதவருக்கு இவ்வளவு பெரிய நாற்காலியா என்று அன்று முணுமுணுப்பு இருந்தது. அந்தச் சீசனின் முதல் சில வாரங்களிலேயே அது அடங்கிவிட்டது.

அவர் செய்தது எளிமையானதுதான், ஆனால் அதுவரை வர்ணனையில் எவரும் அந்த அளவுக்குத் துணிந்து செய்யாதது. பெரும்பாலானவர்கள் நடந்ததை மறுஒளிபரப்பில் விளக்கினார்கள்; ரோமோ நடக்கப்போவதைச் சொன்னார். 2019 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் பேட்ரியட்ஸும் சீஃப்ஸும் மோதிய, வென்றவர் சூப்பர் பவுலுக்குப் போகும் ஏஎஃப்சி இறுதியாட்டத்தின் பதிவை முடிந்தால் முழுதாகப் பாருங்கள். கடைசிக் கட்டத்தில் பேட்ரியட்ஸின் ராப் கிரான்கவ்ஸ்கி தனியாக ஓரத்துக்குப் போய் நிற்கிறார். பந்து பின்னோக்கி வந்து ஆட்டம் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்பே, அந்த சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பு வீரர்) முன்னே இறங்கி வந்தால் பந்து அங்கேதான் போகும், அவரைக் கவனியுங்கள் என்கிறார் ரோமோ. சேஃப்டி இறங்குகிறார், பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அங்கேயே எறிகிறார், கிரான்கவ்ஸ்கி பிடிக்கிறார். இதில் மந்திரம் எதுவும் இல்லை. சேஃப்டிகள் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள், ஒருவர் இடம் மாறி ஓடும்போது எதிரணியில் எவர் அவரைத் தொடர்கிறார், நடுவரிசைத் தடுப்பு வீரரான லைன்பேக்கரின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதையெல்லாம் சில நொடிகளில் படிப்பது குவார்ட்டர்பேக்கின் அன்றாடப் பிழைப்பு. மூன்று மணிநேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். மீதி நேரத்தை நிரப்பும் பேச்சில் இந்த அறிவை அவர் கொண்டுவந்து வைத்தார்.

இனிப் பணம். என்னைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், சம்பளக் கணக்கு வந்தால் நான் எளிதில் நகரமாட்டேன். 2020இல் சிபிஎஸ் அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் இத்தொழிலின் உச்சமாகப் பேசப்பட்டது 1990களில் வர்ணனையாளர் ஜான் மேடன் ஆண்டுக்குப் பெற்ற 80 லட்சம் டாலர். கால் நூற்றாண்டாக எவரும் நெருங்காத அந்தத் தொகையை ஒரே கையெழுத்தில் இரட்டிப்புக்கும் மேலாக்கினார். அதன் பிறகு 2022இல் முன்னாள் கௌபாய்ஸ் குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மன் வர்ணனையாளராக ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சிக்குப் போனபோதும் ஏறத்தாழ அதே தொகை பேசப்பட்டது. டாம் பிரேடிக்கு ஃபாக்ஸ் தொலைக்காட்சி வர்ணனைக்காக 10 ஆண்டுகளுக்கு 37 கோடியே 50 லட்சம் டாலர் தருவதாகச் செய்தி வந்தது. பிரேடி சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றவர், எய்க்மன் மூன்று வென்றவர். ஒன்றுகூட ஆடாத ரோமோதான் அவர்கள் எல்லோருக்கும் விலையை உயர்த்திவைத்தார். எறிந்து சம்பாதித்ததைவிடப் பேசிச் சம்பாதிப்பது அதிகம் என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்தத் தொகைக்கு அவர் தகுதியானவர் என்றே உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அவர் முன்கூட்டிச் சொல்வது குறைந்து, வியப்பொலிகளும் பாதியில் நிற்கும் வாக்கியங்களும் கூடிவிட்டன. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில், கூடுதல் நேரத்தின் வெற்றி டச் டவுன் வேளையில் நான்ட்ஸுக்கு இடம் விடாமல் பேசினார் என்று எழுந்த விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு இரு அணிகளின் பதிவுகளையும் பழையபடி மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தால், அந்த 2019இன் ரோமோ திரும்பி வருவார் என்ற எண்ணத்தை நான் இன்னும் கைவிடவில்லை. அவர் ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை ஸ்னாப்புக்கு முன்பே சரியாகச் சொல்கிறார் என்பதை வரும் சீசனில் குறித்துவைத்து உங்களுக்குக் காட்டுகிறேன். அடுத்த வீடியோ எய்க்மனைப் பற்றியது.