அண்ணே, எனக்கு லெட்டர் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்து மலையோர ஊர்களில் 34 வருடம் தபால் கொடுத்தவன் நான். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் திரும்பி வந்து பாலை உறை ஊற்றுகிற நேரத்தில் என் சைக்கிள் அந்தந்த முற்றத்துக்குப் போய்ச் சேரும். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் ஓடி வருவார்கள். "அண்ணே, எனக்கு லெட்டர் உண்டா?" இந்தக் கேள்வியை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கில் படித்தவர்கள் விகிதத்தில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்முடைய குமரி மாவட்டம். 91 சதவீதத்துக்கும் மேல். எனக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. வீட்டுக்கு வீடு பி.எஸ்சி., பி.காம்., பி.இ. என்று எழுதி வருகிற கவர்களைச் சுமந்தவன் நான்.

அன்றைக்கு வேலைக்கு எழுதிப் போட்டால் இரண்டு விதமான தபால் வரும். ஒன்று இன்டர்வியூ கார்டு. இன்னொன்று, "தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை, வருந்துகிறோம்" என்ற கடிதம். அந்த இரண்டாவது தபாலைக் கொடுக்கக் கை வராது. ஒரு பையனுக்கு அப்படி ஒன்று கொடுத்தேன். அயினி மரத்து மூட்டில் சாய்ந்து நின்று வாசித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், ஒன்றும் பேசவில்லை. மறு வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டான். அந்தப் பாஸ்போர்ட்டையும் நான்தான் கொண்டு கொடுத்தேன். இல்லை என்ற பதில் வந்ததால்தான் அவன் அடுத்த வழிக்குத் திரும்பினான் என்று நான் நினைக்கிறேன்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். எம்.காம். படித்தவள், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டாலி நன்றாகத் தெரியும். நாகர்கோவிலில் ஒரு நிறுவனம் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தது. விண்ணப்பித்தாள். காலை பத்து மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லிப் போன் வந்தது. நானும் கூடப் போனேன். தக்கலையில் பஸ் மாறி, வடசேரியில் இறங்கி, ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அவளை உள்ளே கூப்பிட்டபோது மணி மூன்றரை. அதுவரை சாப்பிடப் போகவும் பயம், அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்ய?

ஐந்தாறு நிமிடத்தில் வெளியே வந்தாள். முகம் வாடியிருந்தது. "கணக்கைப் பற்றி ஒண்ணுமே கேக்கல்ல அப்பா. கல்யாணம் எப்போ, கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவியா, இதுதான் கேட்டாங்க" என்றாள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஆனால் அந்த நாற்காலியில் இருக்கிற பிள்ளை சட்டத்தையா எடுத்துச் சொல்ல முடியும்? வேலை வேண்டுமே.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள், டாலியில் டெஸ்ட் என்று. அன்று தேதி 18. ஒரு கட்டு பில்லைக் கொடுத்து ஏற்றச் சொன்னார்கள். காலையில் தொடங்கியவள் மதியம் கடந்துதான் முடித்தாள். எல்லாம் முந்தின மாதத்து உண்மையான பில்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் கட்டுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள் என்பது கடை வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியும். "அப்பா, எனக்க டெஸ்ட்டா, அவங்களுக்க வேலையா?" என்று பஸ்ஸில் வரும்போது கேட்டாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"ரெண்டு நாளில் சொல்லுவோம்" என்றவர்கள் சொல்லவில்லை. போன் போட்டால் முதலாளி வரவில்லை, மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஒரு மாதம் இவள் போனைக் கையை விட்டு வைக்கவில்லை, குளிக்கப் போனாலும் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் போவாள். வேறு இடத்துக்கு எழுதிப் போடவும் மனம் வரவில்லை, இது கிடைத்துவிடும் என்று நம்பினாள். இரண்டு மாதம் கழித்து அதே விளம்பரம், அதே வார்த்தைகளோடு, மறுபடி பத்திரிகையில் வந்தது.

எனக்குத் தாங்க முடியாதது அந்த மௌனம்தான். வேலை கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் உரிமை. 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற தனியார் நிறுவனங்கள் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-இல் சட்டம் போட்டார்கள். அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. விண்ணப்பித்தவருக்குப் பதில் எழுத வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. ஓர் அரசு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டித் தகவல் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும், 2005-இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. குரூப் 4 பரீட்சை எழுதுகிறவனுக்கு இன்டர்வியூ கிடையாது, மதிப்பெண்ணும் ரேங்கும் வெளியே வந்துவிடும், கிடைக்காவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஆறு மணி நேரம் காத்திருக்க வைத்து, அரை நாள் வேலையும் வாங்கிய இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

முதலாளிமார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் கேட்கிறேன். வந்த விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் பதில் போட ஆள் இல்லை என்பீர்கள், அது எனக்குப் புரிகிறது. நேரில் வரவழைத்தவர்களுக்காவது எழுதுங்கள். டெஸ்ட் என்று உங்கள் வேலையைச் செய்யச் சொன்னால் அந்த நாளுக்குக் கூலி கொடுங்கள். எங்கள் ஊரில் மழைக்கு ரப்பர் வெட்டு நின்று போன நாளில் மகளுக்குப் பஸ் காசு கொடுத்து இன்டர்வியூவுக்கு அனுப்புகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு இவள் போய் வந்தாள். அங்கும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் நாலாம் நாள், இப்போது எங்கள் பக்கம் தபால் கொடுக்கிற தம்பி வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். 50 காசு அஞ்சலட்டை. "கணக்கு நன்றாகச் செய்தீர்கள். பக்கத்து ஊர் ஆள் ஒருவரை எடுத்துவிட்டோம். அடுத்து இடம் வந்தால் தெரிவிக்கிறோம்" என்று பேனாவால் எழுதியிருந்தது. இவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு சர்டிபிகேட் ஃபைலைத் திறந்து, எம்.காம். மார்க் ஷீட்டுக்குப் பின்னால் அதை வைத்தாள். மறுநாள் காலையில் வேறு இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டாள்.