கோடுகள் தேய்ந்த அளவுகோல்

நேயர்களுக்கு வணக்கம். கைக்கெட்டும் தூரத்தில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் ஓர் அடி நீள மர அளவுகோல் கிடக்கிறது. பிள்ளைகள் கைபட்டுக் கைபட்டு அதன் கோடுகள் பல தேய்ந்துவிட்டன. தூக்கிப் போடலாம் என்று எடுத்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. 12 அங்குலக் கோலில் இரு முனைகளுக்கு நடுவே 11 கோடுகள். எத்தனை அழிந்த பிறகும் 1 முதல் 12 வரை எல்லா அங்குலங்களையும் அளக்கலாம்?

ஏழு அழியலாம். 1, 4, 7, 10 என்ற நான்கு கோடுகள் மட்டும் இருந்தால் போதும். நாம் எப்போதும் முனையிலிருந்தே அளந்து பழகிவிட்டோம். எந்த இரு கோடுகளுக்கு நடுவிலும் அளக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். 9 அங்குலம் வேண்டுமா? 1-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறது. 8 அங்குலம், 4-இலிருந்து கடைசி முனை வரை. 5 அங்குலம், 7-இலிருந்து முனை வரை. மற்றவற்றை நீங்களே பாருங்கள். மூன்று கோடுகளால் இது ஆகாது. முனைகளையும் சேர்த்து ஐந்து புள்ளிகள். அவற்றில் பத்து ஜோடிகள்தான். பன்னிரண்டு அளவுகளுக்குப் பத்து எப்படிப் போதும்?

ஆனாலும் என் கோலில் ஒரு குறை உண்டு. 3 அங்குலம் மூன்று இடங்களில் கிடைக்கிறது. எந்த அளவும் விடுபடாமல், இரண்டாம் முறை வராமல் ஒரு கோல் செய்ய முடியுமா? 6 அங்குலக் கோலில் முடியும். 1-இலும் 4-இலும் கோடு போடுங்கள். ஆறு ஜோடிகள், ஆறு அளவுகள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கோல் இது.

இன்னொரு கோடு சேர்த்தால்? ஐந்து புள்ளிகள், பத்து ஜோடிகள். ஆகவே கோலின் நீளம் 10. அடுத்தடுத்த நான்கு இடைவெளிகளும் வெவ்வேறாக இருந்து, கூட்டினால் 10 வரவேண்டும். அப்படியானால் அவை 1, 2, 3, 4 தான். 1-க்குப் பக்கத்தில் 2 வந்தால் சேர்ந்து 3 ஆகிவிடும். 3 வந்தால் 4 ஆகிவிடும். இரண்டுமே ஏற்கெனவே இருக்கின்றன. எனவே 1 ஓரத்தில் நிற்கவேண்டும், பக்கத்தில் 4. இவை சேர்ந்தால் 5. மிஞ்சிய 2-ம் 3-ம் எப்படி நின்றாலும் சேர்ந்து அதே 5. முடிந்தது, அப்படி ஒரு கோல் கிடையாது. ஆறு அங்குலத்துக்கு மேல் எந்த நீளத்திலும் கிடையாது.

விடுபட்டாலும் பரவாயில்லை, அளவு திரும்ப வரக்கூடாது என்று வைத்துக்கொண்டால், அது அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கோலோம் பெயரால் அழைக்கப்படும் அளவுகோல். வானொலிக்கும் இதற்கும் உறவு உண்டு. ஒலிபரப்பு அலைவரிசைகளைச் சம இடைவெளியில் அமைத்தால், சில அலைவரிசைகள் கலந்து பிறக்கும் வேண்டாத அலை, இன்னொன்றின் மேல் வந்து விழும். இடைவெளிகள் எல்லாம் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொல்லை குறையும். 1953-இல் பாப்காக் என்ற பொறியாளர் இதை ஆராய்ந்து எழுதினார். இத்தகைய கோலில் 28 புள்ளிகள் வைக்கக் குறைந்தபட்ச நீளம் 585 என்பது 2022-இல்தான் உறுதியானது. தன்னார்வலர்களின் கணினிகள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் தேடின.

உங்களுக்கு ஒன்று விட்டுச்செல்கிறேன். 9 அங்குலக் கோல், நடுவே மூன்றே கோடுகள். 1 முதல் 9 வரை எல்லாம் அளக்கவேண்டும். விடை இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்காருங்கள். வணக்கம்.